பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

இரவு பதினொன்றே காலுக்கு நாகர்கோவிலில் இருக்கும் நண்பனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு எதுவும் இல்லை. மின்விசிறி சுழலத் தொடங்கும் உறுமல், பிறகு நீளமாக ஒரு ‘பீப்’, சற்று இடைவெளி, மறுபடியும் அதே நீளத்தில் இன்னொன்று, மறுபடியும். பின்னால் அவன் மகள் “அப்பா, போதும் அப்பா” என்று சிணுங்குவது கேட்டது.

“ராம்” என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். கணினியின் தற்காலிக நினைவகப் பலகைதான் ராம்.

திரையில் எதையும் காட்டும் நிலைக்கு வருவதற்கு முன்பே கணினி தன்னை ஒரு முறை சோதித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் குறை சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வாய், எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டோடு இணைந்த அந்தச் சின்ன ஒலிப்பான். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பது, கணினியை எழுப்பும் முதல் மென்பொருளான பயாஸைச் செய்த நிறுவனத்துக்குத் தக்கபடி மாறும். அவனுடையது அவார்ட் பயாஸ் என்பது எனக்குத் தெரியும். அந்த மதர்போர்டே என் வீட்டிலிருந்து போனதுதான். அதில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் வந்தால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு. நீளமாகவே விட்டுவிட்டு அடித்தால் ராம்.

கரண்டைப் பிடுங்கி, ராமைக் கழற்றி, மகளின் பென்சில் ரப்பரால் தங்கப் பூச்சு உள்ள பற்களை இரண்டு பக்கமும் தேய்க்கச் சொன்னேன். கடலோர ஊர்களில் உப்புக் காற்று சும்மா இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மங்கல் படிந்தாலே தொடர்பு விட்டுப்போகும். ரப்பர் துகளை வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும் என்றும் சொன்னேன். ஊதியிருப்பான். ஆனாலும் ஓடியது.

மூன்று வாரம் ஓடியது. அப்புறம் ரப்பருக்கு மசியவில்லை. “மக்கா, உன் டப்பாவில் ஒன்று கிடக்குமா?” என்று கேட்டான்.

கிடக்கும். நண்பர்கள் எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் பழைய கணினிப் பாகங்கள் போட்டு வைக்கும் அப்படி ஒரு டப்பா உண்டு. வாட்ஸ்அப்பில் எங்கள் கூட்டத்துக்குப் பெயர் ‘பேரீச்சம்பழம்’. சிறு வயதில் திருச்சியில் எங்கள் தெருவில் ஒருவர் சைக்கிளில் வருவார். “ஓட்டை, உடைசல், ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்ற அந்தக் கூவலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தராசின் ஒரு தட்டில் நம் இரும்பு, மற்றொன்றில் எடைக்கல். கடைசியில் செய்தித்தாள் துண்டில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பழம். நான் ஒரு முறை கிணற்றடியில் சும்மா கிடக்கிறதே என்று வாளிக்கயிறு ஓடும் ஜகடையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அது சும்மா கிடந்ததல்ல, எண்ணெய் போடுவதற்காகக் கழற்றி வைத்தது. அன்று சாப்பிட்ட பழத்தின் இனிப்பு நினைவில் இல்லை. அம்மாவின் கை நினைவில் இருக்கிறது.

1999-ல் திருச்சியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். இப்போது ஒருவன் நாகர்கோவில், ஒருவன் கோவை, ஒருவன் சென்னை, ஒருவன் மஸ்கட். நான் மட்டும் ஊரை விட்டு நகரவில்லை. யாரும் கணினித் துறையில் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒருவன் மருந்து விற்பனை, ஒருவன் பள்ளி ஆசிரியன், நான் கணக்கு எழுதுகிறவன். படிக்கும்போது ஐந்து பேரும் பணம் போட்டு, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பென்டியம் 3 கணினிக்கான பாகங்களை வாங்கினோம். கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் திரும்பினோம். அன்று பிடித்த பைத்தியம்.

நாகர்கோவில் கதைக்கு வருகிறேன். டப்பாவைத் திறந்து 2 ஜிபி ராம் ஒன்றை எடுத்தேன். மின்னணுப் பொருளுக்கான வெள்ளி நிறப் பை இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டால் நிலைமின்சாரம் சேரும் என்பதால், வெள்ளைத் தாளில் சுற்றி, பழைய வாழ்த்து அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து, தீப்பெட்டிக் கட்டு வந்த அட்டையில் பொதிந்தேன். ஆம்னி பஸ் ஓட்டுநரிடம் ஐம்பது ரூபாயும் நண்பனின் கைபேசி எண்ணும் கொடுத்தேன். பஸ்ஸின் எண் பலகையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். கூரியரில் அனுப்பினால் இரண்டு நாள். இதில் விடியற்காலையில் வடசேரியில் கிடைத்துவிடும். ரசீது கிடையாது, பொறுப்பேற்பு கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு மவுஸ்தான் தொலைந்தது. அதுவும் தொலைய வேண்டிய மவுஸ்.

காலை ஆறரைக்கு அழைத்தான். “மாட்ட முடியவில்லை. அழுத்தினால் பலகை வளைகிறது.”

அழுத்தாதே என்று கத்தினேன். தப்பு என்னுடையது. ராமில் அடுத்தடுத்த தலைமுறைகளான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுமே மேசைக் கணினியில் ஒரே நீளம், இரண்டுக்கும் 240 பற்கள். கீழே உள்ள வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். மின்னழுத்தம் வேறு என்பதால், தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டையே இடம் மாற்றி வைத்தார்கள். கண்ணாடி போடாமல் இரவில் எடுத்தால் இரண்டும் ஒன்றுதான். ஸ்டிக்கரில் பிசி2 என்று தொடங்கினால் டிடிஆர்2, பிசி3 என்றால் டிடிஆர்3. அதைப் படிக்கும் பொறுமை எனக்கு அன்று இல்லை. மறுநாள் வேறொரு பஸ், வேறொரு ஐம்பது ரூபாய். அனுப்பும் முன் படம் எடுத்துப் போட வேண்டும், வாங்குகிறவன் “சரி” என்று சொன்ன பிறகே கட்ட வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகு வந்தது. 2017-ல் என்று நினைவு.

அதற்கெல்லாம் முன்பு பயணம் செய்தது பாகங்கள் அல்ல, ஒரு குறுந்தகடு. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் யூனிகோட் ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால், மொழி அமைப்புகளுக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும். போட்டவுடன் அது மூல குறுந்தகட்டைக் கேட்கும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக வட்டம் கட்டிக்கொண்டு தெரியும் என்று ஒவ்வொருவனாகப் புலம்ப, சென்னைக்காரனின் குறுந்தகடு அஞ்சலில் கோவைக்குப் போய், அங்கிருந்து திருச்சிக்கு வந்து, கீறல் விழுந்து செத்தது. இன்று கைபேசியை வாங்கிய நிமிடத்தில் தமிழ் தட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாட்டி காலத்துக் கதை போலக் கேட்கிறார்கள்.

உதவி கேட்பதிலும் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. கோவைக்காரன் பல வருடம் ஒரே வாக்கியத்தைத்தான் அனுப்புவான்: “கம்ப்யூட்டர் போய்விட்டது.” எங்கே போனது, எப்போது போனது, போகும்போது என்ன சொன்னது? ஒரு நாள் வங்கி இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றான். பிறகு எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்கிறது என்றான். வைரஸ் என்று முடிவு கட்டி அரை நாள் மூன்று பேர் மல்லுக்கட்டினோம். கடைசியில் மஸ்கட்காரன் அமைதியாகக் கேட்டான்: “திரையின் வலது மூலையில் என்ன தேதி இருக்கிறது?” 2009 ஜனவரி 1. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்டை நிறுத்தியதும் கணினிக்குக் காலம் மறந்துபோகிறது. பத்து வருடம் கழித்துப் பிறக்கப்போகும் சான்றிதழை அது எப்படி நம்பும்? சுவரோரம் கிடந்த எடை பார்க்கும் கருவியில் அதே வட்ட பேட்டரி இருந்தது. எடுத்துப் போட்டான். ஒரு மாதம் அவன் வீட்டில் யாரும் எடை பார்க்கவில்லை, அது அவர்களுக்கு நல்லதாகவே போயிற்று.

அவன் அம்மாவிடம் நான் பட்ட பாடு தனி. மகன் வெளியூர் போயிருந்த சமயம், மின்கட்டணம் கட்டும் பக்கம் உறைந்து நிற்கிறது என்று என்னை அழைத்தார்கள். தொலைவிலிருந்தே இன்னொருவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மூலம் இங்கிருந்தே சரிசெய்துவிடலாம், திரையில் தெரியும் எண்ணை மட்டும் படியுங்கள் அம்மா என்றேன். எதிர்ப்பக்கம் மௌனம். “எந்த நம்பரையும் யாருக்கும் சொல்லக் கூடாது என்று பையன் சொல்லியிருக்கிறான், கண்ணு.” நியாயம்தான். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இதே மென்பொருளை இறக்கச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் ஏராளம். நான்தான் பேசுகிறேன் என்று எப்படி நிரூபிப்பது? அவரே வழி சொன்னார்: “முதன்முதலில் எங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டாய்?” அரிசி பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம் என்றேன். ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க ஆரம்பித்தார். இவ்வளவு வலுவான கடவுச்சொல்லை எந்த வங்கியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

சார்ஜர்களைப் பற்றி எழுதாமல் இந்த விஷயம் முடியாது. லேப்டாப் செத்த பிறகும் சார்ஜர் சாவதில்லை, அதனால் எல்லார் டப்பாவிலும் பாதிக்கு மேல் அதுதான் கிடக்கிறது. முனை உள்ளே நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று பொருளல்ல. வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கூடுதல் ஆம்பியர் எரித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறைய. லேப்டாப் தனக்குத் தேவையானதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். பெரிய தொட்டியில் குழாய் வைத்தால் குடம் உடைந்துவிடாது. இவ்வளவும் தெரிந்த நான், சென்னைக்காரனின் டெல் லேப்டாப்புக்கு 19.5 வோல்ட் உள்ள வேறொரு சார்ஜரை அனுப்பினேன். முனை அச்சாகப் பொருந்தியது, லேப்டாப் ஓடியது, பேட்டரி மட்டும் ஏறவில்லை. அந்த முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி கரண்டுக்கானது அல்ல. சார்ஜருக்குள் உள்ள ஒரு சில்லு தான் யார், எத்தனை வாட் என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கான வழி அது. பெயர் சொல்லாத விருந்தாளிக்குத் திண்ணையில் இடம் உண்டு, உள்ளே சோறு இல்லை. மஸ்கட்காரன் அனுப்பும் சார்ஜர்களுக்கு இன்னொரு தொல்லை: அங்கே தடித்த செவ்வக முனை மூன்று கொண்ட பிளக். நம் சுவரில் நுழையாது. வயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்படி எழுதும்போது எல்லாம் சுமுகம் போலத் தெரிகிறது. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் ஒரு முறை கசந்தது. நண்பர்களில் ஒருவன், யார் என்று வேண்டாம், 500 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கொடுத்தான். அழித்துவிட்டேன் என்றான். நான் என் கோப்புகளைப் போட்டு ஒரு வருடம் வைத்திருந்தேன். பிறகு கை தவறி என் மகனின் பிறந்தநாள் படங்களை அழித்துவிட்டு, ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அது கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் துழாவி, படம் போல இருப்பதையெல்லாம் எடுத்துக் கொட்டும். என் மகன் வந்தான். அவனுடன் நண்பனின் சம்பளச் சீட்டுகள், மனைவியின் மருத்துவ அறிக்கை, அடகுச் சீட்டின் படம் என்று அவன் வீடே வந்து விழுந்தது. விரைவு ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும்.

பார்த்தவுடன் மூடிவிட்டேன் என்று எழுத ஆசை. நான்கைந்தைப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். அவனிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. “சரி, அழித்துவிடு” என்றான். இரண்டு மாதம் குழுவில் அவன் எதுவும் பேசவில்லை. இப்போது டிஸ்க் கைமாறுவதற்கு முன் முழு ஃபார்மட் செய்தாக வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

அடுத்தவர் திரைக்குள் நுழைவதும் அப்படித்தான். சென்னைக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களில் எப்போதும் புதிதாகவே வாங்குகிறவன் அவன். டப்பாவுக்குக் கொடுப்பவன், டப்பாவிலிருந்து அநேகமாக எடுக்காதவன். ஒரு மார்கழியில் என்னிடம் லேப்டாப்புக்கு 4 ஜிபி ராம் பழையது இருக்குமா என்று கேட்டான். அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து பிரிண்டர் வேலை செய்யவில்லை, எட்டிப் பார்க்க முடியுமா என்றான். ஒன்பது இலக்க எண்ணை அனுப்பினான், உள்ளே போனேன். வேலைநாள், காலை பதினொன்றரை மணி, அவன் வீட்டில் இருக்கிறான். முகப்புத் திரையில் நான்கு கோப்புகள் வரிசையாக இருந்தன: ரெஸ்யூம் புதியது, ரெஸ்யூம் புதியது 2, ரெஸ்யூம் இறுதி, ரெஸ்யூம் இறுதி 3. பிரிண்டர் வரிசையில் சிக்கி நின்ற ஆவணமும் அதுதான். அச்சிட வேண்டியவற்றை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, சிக்கியதைக் காலி செய்து, மறுபடி ஓடவிட்டேன். அவன் அறையில் பிரிண்டர் உருளும் சத்தம் தொலைபேசியில் கேட்டது. “வந்துவிட்டது” என்றான். “சரி, வைக்கிறேன்” என்றேன்.

அந்த வாரமே நாகர்கோவில்காரன் தனியாகச் செய்தி அனுப்பினான்: “அவன் என்னிடம் வெப்கேமரா கேட்டான். உன்னிடம் எதுவும் கேட்டானா?” கோவைக்காரனிடம் ஹெட்போன் கேட்டிருந்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டை வைத்திருந்தோம். சேர்த்துப் பார்த்தால் நேர்முகத் தேர்வுக்கான மேசை. யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மஸ்கட்காரன் மட்டும் “என் அம்மா வீட்டில் ஒரு நல்ல மானிட்டர் தூசி படிந்து கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும்” என்று குழுவில் பொதுவாகப் போட்டான். அது தூசி படிந்து கிடக்கவில்லை. முந்தின நாள்தான் ரிச்சி தெருவில் சொல்லி வாங்க வைத்திருந்தான். பெட்டியைப் பிரித்து, மேலே கொஞ்சம் அழுக்குத் துணி போடும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறான், படுபாவி.

பத்தாயிரம் ரூபாய் கைமாற்று கேட்டிருந்தால் நாங்கள் கொடுத்திருப்போம். அவன் கேட்டிருக்க மாட்டான். ஆனால் சும்மா கிடக்கும் ஒரு ராமைக் கேட்பதில் என்ன வந்தது? என் அம்மா பக்கத்து வீட்டில் கூச்சமில்லாமல் கேட்டது உறைமோர் ஒன்றைத்தான்; அதைக் கேட்டு யாரும் மானம் போனதாக நினைத்ததில்லை. ஆறேழு மாதம் கழித்து வேலை கிடைத்த அன்று அவனே எல்லாவற்றையும் சொன்னான். நாங்களும் அப்போதுதான் தெரிந்துகொண்டவர்கள் போல அதிர்ச்சி அடைந்தோம். நடிப்பில் கோவைக்காரன் சொதப்பினான்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பஸ்ஸே ஓடவில்லை. டப்பாக்கள் நிறைந்து கிடந்தன, அனுப்ப வழியில்லை. பள்ளிகள் திரைக்குள் நுழைந்துவிட்டன, வீட்டுக்கு இரண்டு குழந்தை, ஒரு கைபேசி. நாகர்கோவில்காரனின் மைத்துனி பள்ளியில் படித்தபோது வாங்கிய அரசு இலவச லேப்டாப் பரணில் இருந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு மாலை, வீடியோ அழைப்பில், ஒவ்வொரு திருகாகக் கழற்ற வைத்து, தூசி தட்ட வைத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்ற வைத்தேன். கீபோர்டில் ‘ன’ வரும் பொத்தான் மட்டும் இல்லை. அவன் மகள் அந்த வருடம் முழுவதும் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தியே பாடம் எழுதினாள்.

இப்போது வேறு தலைவலி. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். எங்கள் ஐந்து வீட்டுக் கணினிகளில் தேறியவை மூன்றே. மற்றவையெல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய இரும்பாகிவிட்டன. ஜகடையைப் போட்ட பையனுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. இரண்டில் மின்ட் ஏற்றியாயிற்று. கணக்கு மென்பொருள் விண்டோஸை விட்டு நகராது என்பதால் என் கணினி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

போன மாதம் கேட்கும் முறை என்னுடையது. என் லேசர் பிரிண்டர் தாளை இழுக்கவில்லை. தாளைப் பிடித்து உள்ளே தள்ளும் ரப்பர் உருளை வழுவழுப்பாகிவிட்டது. ஈரத் துணியால் துடைத்தால் இருபது பக்கம் போகும், மறுபடி சுற்றிக்கொண்டே நிற்கும். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ரப்பர் விளையும் மாவட்டத்திலிருந்து, நாகர்கோவில்காரனிடமிருந்து, பத்து நிமிடத்தில் பதில் வந்தது: அவன் பள்ளியில் கழித்துப்போட்ட அதே மாடல் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். இரவு ஒன்பதுக்கு டிஎன் 74 என்று தொடங்கும் ஓர் எண் பலகையின் படம் வந்தது.

காலை நாலே முக்காலுக்குப் போய் நின்றேன். ஓட்டுநர் நீட்டியது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். உள்ளே பாதி சிப்ஸ், நடுவில் வெள்ளைத் தாளில் சுற்றிய உருளை. எண்ணெய் படாமல் இருக்க அதன் மேல் ஒரு ரப்பர் உறை, எங்கிருந்து பிடித்தானோ. வீட்டுக்கு வந்து, பிரிண்டரைக் கவிழ்த்து, பழையதைக் கழற்றி, இதை மாட்டினேன். முதல் தாள் சத்தமில்லாமல் போனது. மூடியை மூடிய பிறகு மேசையில் ஒரு திருகு மிச்சம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை பிரித்துப் பார்த்தும் தெரியவில்லை. மஸ்கட்காரன் கொண்டுவந்த கலாஸ் பேரீச்சம்பழத்தின் காலித் தகர டப்பாவில், மற்ற திருகுகளோடு அதையும் போட்டு மூடினேன்.